நாலு வரி பாக்கி

முதலில் கெடுத்தது ஞானதுரைதான். நகராட்சி அப்புறம். இன்ஜினீயர் அதற்கும் அப்புறம். பேட்டைத் தெருவில் வாய்க்காலைத் தோண்டிக் கட்டிவிட்டு மூடி போடாமல் போன காண்ட்ராக்டர் செல்லையா கடைசி. யார் கேட்டாலும் சடையாண்டி இந்த வரிசையில்தான் சொல்வார். யாரும் கேட்பதை நிறுத்தி வெகுநாளான பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதும் இந்த வரிசையில்தான். இப்போதும், சிங்கராஜ் சலூன் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தில் துணி கட்டி, காதுவரை நுரை பூசிக்கொண்டு கிடக்கையிலும், அதே வரிசைதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. மண்டியில் மூட்டை சுமந்த காலத்தில் வாய் தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போகுமே, அந்த மாதிரி. அப்போதுதான் கண்ணாடிக்குள் கதவு திறந்து வரிசையின் முதல் ஆள் உள்ளே வந்தான். போலீஸ் ஸ்டேஷன் எதிரில்தான் சலூன். ஜாமீனில் வந்தவன் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிட்டு நேரே ரோட்டைக் கடந்து வந்திருக்கிறான். பெஞ்சியின் ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தொங்குகிற மாதிரி உட்கார்ந்தான். முன்பெல்லாம் வந்தால் பெஞ்சி நடுவில் காலை அகட்டி உட்காருவான், சிங்கராஜ் டீ சொல்லுவான். இன்றைக்கு டீ சொல்லவில்லை. "வாங்க சார்" என்று மட்டும் சொன்னான். கத்தி காதுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளும் கண்ணாடி தெரிந்தது, கண்ணாடிக்குள் அவன் தெரிந்தான்.

மெலிந்துவிட்டான். ஜெயிலில் பதினைந்து நாள் என்றார்கள். மெலியட்டும். பஞ்சவர்ணம் போனபோது இவர் மெலிந்ததை யார் வந்து பார்த்தார்கள்? இல்லை, பார்த்தான், இவன் பார்த்தான், அதுதானே கோளாறே. மூன்று ஐப்பசிக்கு முந்திய மழை. விடிய விடிய ஊற்றி, பேட்டைத் தெருவில் ரோடு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் ஒரே செம்மண் தண்ணீர். இவருக்குக் காய்ச்சல். பால் வாங்கி ஒரு வாய் காபி போட்டுத் தருகிறேன் என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகி இறங்கினாள். "பாத்துப் போடி" என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார். சொன்னாரா? சொல்லியிருக்க வேண்டும். சொன்னதாகத்தான் இவ்வளவு நாள் வைத்துக்கொண்டிருக்கிறார். தூக்குவாளி மட்டும் மிதந்து தெருமுனையில் ஒதுங்கியது. அவளைச் சந்தைக்குப் பின்னால் பாலத்தடியில், தண்ணீர் போகிற கண்ணில்தான் எடுத்தார்கள், மத்தியானம், அதற்குள் மழையும் ஒன்றும் தெரியாதது மாதிரி நின்றுவிட்டது. மறுநாள் பேப்பருக்குச் செய்தி எழுதுகிற ஞானதுரை வந்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தான். அவனைத் தரையில் உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. வாய்க்காலைப் படம் எடுத்தான், தூக்குவாளியைப் படம் எடுத்தான். யார் கட்டினது, எப்போது கட்டினது, மூடி போடச் சொல்லி மனுக் கொடுத்தீர்களா என்று கேட்டுக் கேட்டு எழுதினான். எழுந்து போகும்போது இவர் கையைப் பிடித்தான். "விடமாட்டேங்கய்யா. இத நான் விடமாட்டேன்" என்றான். அவன் கை சூடாக இருந்தது, இவர் கை காய்ச்சல் விட்டுச் சில்லிட்டுக் கிடந்தது. அந்தச் சூட்டை நம்பினார். நகராட்சியை அவர் என்றைக்கும் நம்பினதில்லை, அதனால் நகராட்சி மேல் அவருக்கு இருக்கிற கோபம் வெயில் மேல் இருக்கிற கோபம் மாதிரி, வாய்விட்டு ரெண்டு திட்டுத் திட்டினால் ஆறிவிடும். இவனை நம்பினார். அதுதான் ஆறமாட்டேன் என்கிறது.

"கன்னத்த உப்புங்கண்ணே" என்றான் சிங்கராஜ். உப்பினார். கத்தி சரசரவென்று இறங்கியது. நுரையைக் கத்தியிலிருந்து வழித்து, இடதுகை மணிக்கட்டில் வைத்திருந்த பேப்பர் துண்டில் தேய்த்தான். பழைய பேப்பரை உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து கண்ணாடிப் பலகையில் அடுக்கி வைத்திருப்பான், அவனுடைய அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். இதே நாற்காலி. இதே மணிக்கட்டு. பஞ்சவர்ணத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கு முதல்நாள் தாடியை எடுத்துப்போடலாம் என்று வந்து உட்கார்ந்தார். சிங்கராஜ் நுரையைத் தேய்த்துவிட்டுக் கையைத் திருப்பியபோது துண்டில் வாய்க்கால் என்கிற எழுத்துத் தெரிந்தது. சடையாண்டி மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தைக் கூட்டித்தான் படிப்பார், ஆனால் பேட்டைத் தெரு வாய்க்கால் என்றால் கூட்டவே தேவையில்லை. "இருப்பா, அந்தக் கைய நீட்டு" என்றார். சிங்கராஜ் கசக்கப் பார்த்தான். பிடித்துக்கொண்டார். நுரையை விரலால் ஒதுக்கிக் கூட்டிப் படித்தார். நாலு வரி. மனநலம் பாதிக்கப்பட்ட பெண் வாய்க்காலில் தவறி விழுந்து பலி. அவர் அடிக்கடி வீட்டைவிட்டு வெளியேறிச் சுற்றித் திரிந்ததாகக் கூறப்படுகிறது. நகராட்சி சார்பில் அனைத்துப் பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்யப்பட்டிருந்தன. அவள் பேர் கூட இல்லை. யாரோ ஒரு பைத்தியம். கீழே, நமது நிருபர். ஊரே படித்திருக்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள், படித்துவிட்டுத்தான் இவர் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறார்கள். பாதித் தாடியோடு எழுந்து பஸ் ஸ்டாண்டு மாடியில் இருந்த அவன் ஆபீசுக்குப் போனார். நுரை காய்ந்து முகத்தை இழுத்துப் பிடித்தது இன்னும் நினைவிருக்கிறது. "நான் எழுதி அனுப்புனது வேறங்கய்யா. மேல மாத்திட்டாங்க. நகராட்சியில இருந்து செய்திக்குறிப்பு வந்துச்சு, அத அப்படியே போட்டுட்டாங்க. அவங்க டெண்டர் விளம்பரம் இல்லேன்னா எங்க பேப்பருக்கு..." என்று இழுத்தான். "கீழ நமது நிருபர்னு போட்டிருக்கே, அது யாருய்யா? அந்த நிருபருக்கு ஒரு பேர் இருக்கும்ல?" என்று கேட்டார். அவன் தரையைப் பார்த்தான். ஆனால் மறுநாளும் அதே மாடிக்கு வேலைக்குப் போனான். மூன்று வருஷம் போனான். அதனால்தான் முதலில் கெடுத்தது அவன்.

மனநலமாம். முத்தாலம்மன் பொங்கலுக்குப் பஞ்சவர்ணத்துக்குச் சாமி வரும். வருஷத்தில் ஒரு நாள். வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றால் யார் முகத்தையும் பார்க்காமல் குறி சொல்லுவாள். அன்றைக்கு மட்டும் இவரே எட்டித்தான் நிற்பார். மற்ற நாளெல்லாம் ரேஷன் கடையில் எடை குறைந்தால் கண்டுபிடிப்பவள் அவள்தான், மகன் குமரேசனுக்குப் பெண் பார்த்தவள் அவள்தான், இவருடைய கூலியை வாங்கி முடிந்து வைத்தவள் அவள்தான். அவளிடம் குறி கேட்க இன்ஜினீயர் சம்சாரம் காரில் வந்து இறங்கினாளே, பிள்ளை இல்லை என்று அவள் காலடியில் விழுந்து அழுதாளே. அன்றைக்குச் சாமி. செத்த பிறகு பைத்தியம். ஆபீசில் யாரோ ஒருவன் சாமியாடுகிறவள் என்று சொல்லியிருப்பான், இன்னொருவன் அதை நல்ல தமிழில் எழுதியிருப்பான். இத்தனையும் கூடப் பொறுத்திருக்கலாம். தாலுகா ஆபீசில் நடந்ததுதான் நெஞ்சில் குறுக்கே நிற்கிறது. மூடி போடாதது யார் தப்பு என்று விசாரித்து எழுதிக்கொடுங்கள் என்று மனு எழுதவைத்து எடுத்துக்கொண்டு நாலைந்து தரம் அலைந்த பிறகு, ஒரு அதிகாரி பைல் கட்டைப் பிரித்தார். நல்ல மனிதர்தான், உட்காரச் சொன்னார். "விசாரிச்சாச்சே பெரியவரே. உங்க சம்சாரத்துக்கு மனநிலை சரியில்ல, அதனால விழுந்துட்டாங்கன்னு நகராட்சி அறிக்கை கொடுத்திருக்கு" என்றார். "அதுக்கு என்னங்கய்யா ஆதாரம்?" என்று கேட்டார் சடையாண்டி. அவர் தாளைத் திருப்பினார். பேப்பரில் வந்த அந்த நாலு வரியைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, மேலே சீல் குத்தி வைத்திருந்தார்கள். "பாருங்க, பேப்பர்லயே வந்திருக்கு."

பேப்பர்லயே வந்திருக்கு. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதைச் சுற்றிச் சுற்றி யோசித்தார். இன்றைக்குவரை அந்த இடத்துக்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார், செக்குமாடு மாதிரி. நகராட்சி எழுதிக் கொடுத்தது. பேப்பர் அதைப் போட்டது. பேப்பர் போட்டதை நகராட்சி கத்தரித்து, இதோ ஆதாரம் என்று வைத்துக்கொண்டது. தான் சொன்னதைத் தானே சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொள்கிறது. இடையில் ஒருத்தன், ஒரே ஒருத்தன், அப்படியா, எங்கே காட்டு, மூடி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தால் அந்த வட்டம் அங்கேயே அறுந்திருக்கும். அதற்கென்றே ஒருத்தன் இருந்தான், அதற்கென்றே சட்டைப்பையில் பேனா குத்திக்கொண்டு சம்பளமும் வாங்கினான். குழி வெட்டினவனுக்குத் தெரியும், கேட்க ஆள் இல்லை என்று. தெரிந்த பிறகு எதற்கு மூடி போடப்போகிறான்? மூன்று வருஷம் போடவில்லை. போன ஐப்பசியில் ஸ்கூட்டியில் வந்த பள்ளிக்கூட டீச்சர் அதே வாய்க்காலில் வண்டியோடு விழுந்து செத்தாள். சின்ன வயசு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற இவருக்கே தெரிகிற கணக்கு இது. முதல் சாவை ஒழுங்காக எழுதியிருந்தால் இரண்டாவது சாவு இல்லை.

"தொண்டைய நீட்டுங்கண்ணே, அசையாதீங்க." கத்தி குரல்வளைக்கு வந்தது. சிங்கராஜுக்கு வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. "ஞானதுரை சாருக்கு நாளைக்கு மதுரை ஹைகோர்ட்டுல கேஸ் வருதாம்ல. ஏன் சார், நாளைக்கா, நாளானைக்கா?" "நாளைக்கு" என்றது பெஞ்சியின் குரல். "இன்னைக்குள்ள வக்கீலம்மாகிட்ட வாக்குமூலம் ஒண்ணு கையெழுத்தாகணும்" என்றது கொஞ்சம் தயங்கி. யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று தெரிந்தது. இவர் எச்சில் விழுங்கவேண்டும் போலிருந்தது, விழுங்கவில்லை. விழுங்கினால் தொண்டை ஏறி இறங்கும், கத்தி பட்டுவிடும். கத்தி இருக்கிறவரை பேசவேண்டாம். அது ஒரு சௌகரியம். எவ்வளவு நேரம் சிரைப்பான் இவன்? நாள் முழுக்கச் சிரைத்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

டீச்சர் செத்த பிறகு ஞானதுரைக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது. மூடி போட்டதாகவே நகராட்சியில் பில் எழுதியிருக்கிறது, ஆனால் தெருவில் ஒரு மூடி கூட இல்லை என்று எழுதினான். பேப்பர் போடவில்லை. அவன் வேலையை விட்டுவிட்டு செல்போனில் சேனல் ஒன்று ஆரம்பித்து, குச்சியில் போனை மாட்டிக்கொண்டு பேட்டைத் தெருவுக்கு வந்து நின்றான். ஒரு புதன்கிழமை காலை. சடையாண்டி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் போனதிலிருந்து அவர் துணியை அவரேதான். தலை நிமிர்ந்தால் ஞானதுரை, அவள் விழுந்த அதே இடத்தில் நின்று கொண்டு போனைப் பார்த்துப் பேசுகிறான். மூன்று வருஷத்துக்கு முன்பும் இங்கே ஒரு பெண் இறந்திருக்கிறார் என்கிறான். ஒரு பெண்! "ஏண்டா, அவளுக்குப் பேர் இல்லையாடா?" என்று அலசின தண்ணீரை வாளியோடு தூக்கி அவன் மேல் ஊற்றினார். அதோடு விட்டாரா? வெயில் ஏறுகிறவரை திட்டினார். சந்தையில் கற்ற வசவு, மண்டியில் கற்ற வசவு, அவருக்கே மறந்துபோன வசவெல்லாம் வந்தது. "பைத்தியம்னு எழுதுன கையாடா அது? இன்னொருத்தி செத்ததும் தொண்டை திறந்துக்கிச்சோ?" அவன் சட்டை சொட்டச்சொட்ட நின்றான், போகவில்லை. தெருவே வாசலில் நின்று பார்த்தது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பார்த்து ஒரு வேட்டியைத் தீய்த்துக்கொண்டார். அன்றைக்குச் சாப்பிட்ட சோறு மூன்று வருஷத்தில் சாப்பிடாத ருசியாக இருந்தது. அடுத்த வாரம் காண்ட்ராக்டர் செல்லையா போலீசில் எழுதிக்கொடுத்தான், ஞானதுரை தன்னுடைய குடோனுக்கு வந்து பணம் கொடு, இல்லாவிட்டால் வீடியோ போடுவேன் என்று மிரட்டினான் என்று. எப்போது? அதே புதன்கிழமை. அதே காலை. பிடித்து உள்ளே போட்டார்கள், போனைப் பறிமுதல் செய்தார்கள், போனோடு வீடியோவும் போயிற்று. தெருவில் இப்போது யாரைக் கேட்டாலும் நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லையப்பா என்கிறார்கள். இஸ்திரிக்காரர் தீய்ந்த வேட்டியைக் கூட ஒளித்து வைத்துவிட்டார். ஆக, அன்றைக்குக் காலையில் அவன் குடோனில் இல்லை, பேட்டைத் தெருவில் ஈரச்சட்டையோடு நின்றான் என்று சொல்வதற்கு ஊரில் மிச்சமிருப்பது ஒரே ஆள். அவனை அத்தனை நேரம் நிறுத்திவைத்துத் திட்டின ஆள்.

நேற்றுச் சாயங்காலம் கவுன்சிலரம்மா வீட்டுக்காரர் ராசாங்கம் வந்தார். ஊரில் கவுன்சிலர் என்றால் அவர்தான், அந்தம்மாவை ஓட்டுக் கேட்க வந்தபோது பார்த்தது. வாசலிலேயே நின்று சிரித்தார். "என்ன பெரியப்பா, உடம்பெல்லாம் எப்படி? குமரேசன் வேலையெல்லாம் நல்லாப் பாக்குறான். தண்ணி தெறந்து விடுறதுல அவன மாதிரி ஆள் கிடையாதுன்னு சூப்பர்வைசரே சொல்றாரு. நகராட்சியில காண்ட்ராக்ட் வேலைதான்... வர்ற வருஷம் பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கள யாரும் பொய் சொல்லச் சொல்லல. உங்களுக்கும் அவனுக்கும் ஆகாதுன்னு ஊருக்கே தெரியும். நீங்க ஒண்ணுமே சொல்லவேண்டாம். பேசாம இருந்தா போதும்." போகும்போது திரும்பி, "காலையில பலக போட ஆளு வருவாங்க" என்றார். காலையில் வந்தார்கள். ஒரு சிமெண்டுப் பலகையைக் கொண்டுவந்து இவர் வீட்டு வாசலுக்கு நேரே வாய்க்கால் மேல் பொருத்திவிட்டுப் போனார்கள். இவர் வாசலுக்கு மட்டும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாய் பிளந்து கிடக்கிறது வாய்க்கால், நடுவில் இவருக்கு ஒரு பலகை. மூன்று வருஷம் மனு எழுதிக் கிடைக்காத பலகை, பேசாமல் இருப்பதற்குக் கிடைத்தது. சலூனுக்கு வர அதன் மேல்தான் கால் வைத்து வந்தார். ஆடவில்லை. நல்ல பலகை. கால் வைத்தபோது உள்ளங்கால் கூசியது, இறங்கி நடந்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை, இதோ இந்த நாற்காலியின் கால்கட்டையிலும் கூசிக்கொண்டு கிடக்கிறது. பேசாமல் இருப்பது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. இத்தனை வருஷம் பேசித்தான் என்ன கண்டார்? குமரேசனுக்கு இரண்டு பிள்ளைகள். இவனுக்காக, இந்தப் பயலுக்காக, மகன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா? நல்லா இருக்கே நியாயம்.

சிங்கராஜ் புதுத் துண்டு ஒன்றை எடுத்து மணிக்கட்டில் வைத்தான். கத்தியை வழித்துத் தேய்த்துவிட்டுக் கையைத் தாழ்த்தியபோது அது கண்ணுக்கு நேரே வந்தது. போ... லி... என்று கூட்டினார். போலி நிருபர் கைது. நுரை பாதியை மூடியிருந்தது, மீசைமயிர் இரண்டு வெள்ளையாக ஒட்டியிருந்தது. காண்ட்ராக்டரை மிரட்டிப் பணம் பறிக்க முயன்ற. அடுத்த வரி நுரைக்குள். பலரிடம் இதேபோல் மிரட்டி வந்ததாகக் கூறப்படுகிறது. நாலு வரி. அதே பேப்பர். அவனுக்கு இத்தனை வருஷம் சோறு போட்ட அதே பேப்பரில், அதே மூலையில். முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைத்து என்ன பிரயோசனம்? வேணும்டா உனக்கு, உன் பேப்பரே உன்னைப் போலி என்று போட்டதா, இப்போது தெரிகிறதா என்று உள்ளே ஒருத்தன் கையைத் தட்டினான். இன்னும் கொஞ்சம் தட்டியிருப்பான். கூறப்படுகிறது என்கிற இடத்தில் கை நின்றது. யார் கூறினார்கள்? பஞ்சவர்ணம் சுற்றித் திரிந்தாள் என்று அன்றைக்கு யார் கூறினார்கள்? போலீஸ் எழுதிக் கொடுத்திருக்கும். பேப்பர் அதைப் போட்டிருக்கும். இனி யாரோ ஒரு அதிகாரி இதைக் கத்தரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டி, சீல் குத்தி வைப்பார். நாளைக்கு மதுரையில் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டுவார்கள். பாருங்க, பேப்பர்லயே வந்திருக்கு. அதோடு ஞானதுரை முடிந்தான். அவன் போகட்டும், அவன் யார்? ஆனால் அவன் போலியாகிவிட்டால் அவன் எழுதினதும் போலி. மூடி இல்லை என்பது போலி. பில் போட்டார்கள் என்பது போலி. டீச்சர் தானாகப் போய் விழுந்தாள். பஞ்சவர்ணம் பைத்தியம்தான், அது முன்பே ருசுவான விஷயம். எல்லாக் குழியும் ஒரேயடியாக மூடிக்கொள்ளும், பலகை இல்லாமலே.

கழுத்து விறைத்தது. பழைய தோள்வலி முழங்கைவரை இறங்கியது. சரி, போய்ச் சொன்னால்? ஆமாம் ஐயா, அவன் பேட்டைத் தெருவில்தான் நின்றான், நான்தான் தண்ணீர் ஊற்றினேன். சிரிப்பார்கள். சிரிக்கட்டும். குமரேசனை நிறுத்துவார்கள். அவன் என்ன சொல்வான்? அவன் அம்மா சாகும்போது அவன் தண்ணீர்தான் திறந்துவிட்டுக்கொண்டிருந்தான், மழையிலும் முறை தவறாமல். ராத்திரி சோறு போடும்போது ராசாங்கம் வந்துபோனதைச் சொன்னார். குமரேசன் தட்டைப் பார்த்தபடியே, "பலக போட்டா எல்லார் வாசலுக்கும் போடணும்ல" என்றான், அவ்வளவுதான், தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டான். அது சரி என்கிறானா வேண்டாம் என்கிறானா? அவன் அம்மா மாதிரி, பாதியில் நிறுத்துவான், மீதியை நாம் கண்டுபிடிக்கவேண்டும். எல்லார் வாசலுக்கும் போடணும். இவ்வளவுதானே கேட்டோம். இவ்வளவைக் கேட்க ஒருத்தன் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, கேட்டவனுக்கு ஒருத்தன் சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது, சாட்சி சொல்கிறவனுக்கு அவன் மேல் ஜென்மப் பகை இருக்கிறது. பஞ்சவர்ணம் இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். கோபத்தை என்ன செய்வது? அதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்களா? இல்லை. யோசித்துப் பார்த்தால் அதை யாரும் கேட்கவில்லை. அவன் கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு அவன் எங்கே நின்றான் என்பது ஒன்று, அவன் இவருக்குச் செய்தது ஒன்று. ஒன்றைச் சொல்வதால் மற்றது அழியாது. இது இவ்வளவு நேரமாக ஏன் தெரியவில்லை? தெரிந்துதான் இருக்கும். கத்தி கழுத்தில் இருந்ததால் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

சிங்கராஜ் கத்தியை எடுத்தான். தண்ணீர் தெளித்துப் படிகாரக் கட்டியைத் தாடையில் தேய்த்தான், தேய்த்த இடமெல்லாம் எரிந்தது. "ஆச்சுண்ணே. மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க." துணியை உதறினான். இனி வாயை மூடிக்கொண்டிருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. சடையாண்டி நாற்காலியைத் திருப்பாமல் கண்ணாடியைப் பார்த்தே கேட்டார். "வக்கீல் வீடு எங்கடா?" பெஞ்சியில் ஞானதுரை எழுந்து நின்றுவிட்டான். "நம்ம ஊரு கோர்ட்டுக்குப் பின்னாலங்கய்யா. நடந்தே போயிரலாம்." "நான் என்ன சொல்லுவேன் தெரியும்ல? தண்ணி ஊத்துனத சொல்லுவேன். திட்டுனதையும் சொல்லுவேன். எதுக்குத் திட்டுனேன்னு கேட்டா அதையும் சேத்துத்தான் சொல்லுவேன்." "சொல்லுங்கய்யா. எல்லாத்தையும் சொல்லுங்க." சிங்கராஜ் கத்தியைக் கழுவுகிற சாக்கில் அசையாமல் நின்றான். ஞானதுரை ஒரு அடி முன்னால் வந்தான். "ஐயா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு." "அத எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. ஊரெல்லாம் படிச்சுச்சுல்ல, ஊருக்குச் சொல்லு. பஞ்சவர்ணம்னு பேர் போட்டு, அவளுக்குப் பைத்தியம் இல்ல, நாங்க போட்டது பொய்யின்னு எழுது. அதே நாலு வரி போதும். அஞ்சாவது வரி எனக்கு வேண்டாம்." ஞானதுரை உதட்டைக் கடித்தான். "எழுதுறேங்கய்யா. ஆனா இப்ப முடியாது. கேஸ் முடியிறவரைக்கும் எதையும் எழுதக்கூடாது, போடக்கூடாதுன்னு ஜாமீன்ல கண்டிஷன்." சடையாண்டி சிரித்துவிட்டார். படிகாரம் காய்ந்த முகத்தில் சிரிப்பு வலித்தது. "அன்னைக்கு விளம்பரம். இன்னைக்குக் கண்டிஷன். என் நாலு வரிக்கு மட்டும் எப்பவும் ஒண்ணு குறுக்க வந்து படுத்துக்குதுடா." பொய்யாக ஒரு தேதியாவது அவன் சொல்லுவான் என்று எதிர்பார்த்தார், சொல்லவில்லை. அது கொஞ்சம் பரவாயில்லை.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்டேஷன் வாசலில் நின்ற போலீஸ்காரர் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் பார்க்கிறோமா என்று மறுபடி பார்த்தார். பார்க்கட்டும், போய்ச் சொல்லட்டும், ராசாங்கத்துக்கு மத்தியானத்துக்குள் சேதி போய்விடும், நாளைக்குக் காலையில் பலகையைத் தூக்கிக்கொண்டு போக ஆள் வரும். அந்தப் பழைய குழியைத் தாண்டப் பழகின கால்தான். ஞானதுரை இவருக்கு வழிவிட்டு, மரியாதையாக, இரண்டு எட்டுப் பின்னால் வந்தான். சடையாண்டி நின்றார். "பின்னால வராத. முன்னால போ. எனக்குத் தரவேண்டியவன் என் கண்ணுக்கு முன்னாலயே இருக்கணும்." அவன் முன்னால் போனான். கோர்ட்டுக்குப் போக பேட்டைத் தெரு வழியாகத்தான் போகவேண்டும். தெருமுனையில் அவன் ஏதோ நினைப்பில் ஓரமாக ஒதுங்கி நடந்தான், வாய்க்காலின் விளிம்பு அவன் செருப்புக்குப் பக்கத்திலேயே ஓடியது. கறுப்புத் தண்ணீர், ஆழம் தெரியாத தண்ணீர். "டேய்!" என்று கத்தினார் சடையாண்டி. அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். "பாத்துப் போடா, நடுவுல வா. நீயும் உள்ள விழுந்துட்டா எனக்கு எவன்டா எழுதுவான்?"

ஞானதுரை நடுரோட்டுக்கு வந்து நடந்தான். சடையாண்டி அவன் முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்னாலேயே போனார்.